வருமுன் காத்தல்

புதுக்கோட்டை நகருக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் குடுமியான்மலை என்னும் ஊர் உள்ளது. வானம் பார்த்த பூமியின் நடுவே பாறைக்குன்று ஒன்று அங்கே தலைநிமிர்ந்து நிற்கிறது. பண்டைக் காலத்தில் இவ்வூர் திருநலக்குன்றம் என வழங்கப்பெற்றது. குன்றின் அடிவாரத்தில் சிகாநாதசுவாமி கோயில் அமைந்திருக்கிறது. பாறையைக் குடைந்து அமைத்த குகைக்கோயிலும், அதன் அருகே புகழ் வாய்ந்த இசைக் கல்வெட்டும் அங்குக் காணப்படுகின்றன. ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்தது எனக் கருதப்படும் அக்கல்வெட்டில், ஏழு பண்களுக்கு உரிய சுரக்கோவைகள் பல்லவ கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. மாணவர் நலன் கருதி இவை செய்யப்பட்டன என்று கல்வெட்டின் இறுதிப் பகுதி கூறுகிறது. தமக்குப் பின் வருவோருக்குப் பயன்படும் பொருளைத் தம் காலத்திலேயே கல்லில் எழுதி வைத்த பெரியோரின் முன்னறிவு போற்றத்தக்கது.

இம்முன்னறிவு கல்வெட்டு வரைந்தோருக்கு மட்டும் உரியதன்று. புதுக்கோட்டைச் சீமை பெரும்பாலும் மழையையும் கண்மாய்களையும் நம்பி வாழும் நிலம். ஆயிரக்கணக்கான ஏரி குளங்கள் இம்மாவட்டம் எங்கும் பரவிக் கிடக்கின்றன. அறிவுடைய உழவர் கோடையிலேயே கரையை உயர்த்துவர், மதகைச் செப்பனிடுவர், வரத்துக்காலைத் தூர் வாருவர். வானம் கறுத்த பின்னர் மண்வெட்டி தேடுவோரைக் கண்டு ஊரார் நகைப்பர். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்னும் பழமொழி இத்தகைய ஊர்களுக்கு நன்கு பொருந்தும்.

நீரைக் காப்பதற்குப் பொருந்தும் இவ்வறிவு உயிரைக் காப்பதற்கும் பொருந்தும். புயலும் வெள்ளமும் போரும் மக்களைத் தாக்கும்போது, அவற்றால் நேரும் முதல் அழிவு எல்லோர் கண்ணுக்கும் புலனாகிறது. வீடுகள் இடிகின்றன, மரங்கள் சாய்கின்றன, மக்கள் மடிகின்றனர். ஆனால், அதன் பின்னே ஓசையின்றி இரண்டாவது அழிவு ஒன்று வரக்கூடும். அதுவே நோய். முதல் அழிவைத் தடுக்க மனிதனால் எப்போதும் இயல்வதில்லை. இரண்டாவது அழிவைத் தடுக்க இயலும். அதைத் தடுக்கும் கருவிகளுள் தலைசிறந்தது தடுப்பூசி. எனினும், பேரிடர் நேர்ந்த பின்னர் அக்கருவியைத் தேடிப் பயனில்லை. அமைதியான நாளில் ஆயத்தம் செய்தவர்க்கே அது கைகொடுக்கும்.

பேரிடருக்குப் பின் நோய் பரவுவது ஏன்? வீடிழந்த மக்கள் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் கூடாரங்களிலும் நெருங்கித் தங்குகின்றனர். ஒரு குடும்பத்துக்குப் போதாத இடத்தில் பல குடும்பங்கள் படுத்துறங்க நேர்கிறது. அப்போது தட்டம்மை போன்ற நோய்கள் மூச்சுக் காற்றின் வழியாக ஒருவரிடமிருந்து மற்றொருவரை எளிதில் அடைகின்றன. கிணறும் குழாயும் கெட்டுப்போனால், காலரா முதலிய குடல் நோய்கள் தோன்றுகின்றன. உணவு குறைந்தால் குழந்தைகளின் உடல் வலிமை குன்றுகிறது. இடிபாடுகளிலும் ஆணிகளிலும் பட்ட காயங்களின் வழியாக இசிவுநோய்க் கிருமி உடலுள் புகுகிறது. இவ்வாறு நெருக்கமும், கெட்ட நீரும், பசியும், காயமும் ஆகிய நான்கும் ஒன்றுகூடி நோய்க்கு வாயில் திறந்து விடுகின்றன.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தையும் நீக்க வேண்டும். இறந்தோர் உடல்களிலிருந்து கொள்ளைநோய் எழும் என்று மக்கள் பலர் அஞ்சுகின்றனர். இயற்கைச் சீற்றத்தில் மடிந்தோர் நீரில் மூழ்கியோ காயமுற்றோ இறந்தவர்களே அன்றி, தொற்றுநோயால் இறந்தவர்கள் அல்லர். ஆதலின் அவ்வுடல்களிலிருந்து கொள்ளைநோய் பரவுவது மிக அரிது. வீண் அச்சத்தால் அடையாளம் காணாமலே அவற்றை விரைந்து புதைத்துவிட்டால், உறவினர் தீராத துயரத்துக்கு ஆளாவர். கவலைப்பட வேண்டியது உயிரோடு இருப்போரின் குடிநீரையும் கழிப்பிடத்தையும் குறித்தே ஆகும். முகாமில் தங்கும் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று பேரிடர் உதவிக்கான உலகளாவிய நெறிமுறை கூறுகிறது.

தடுப்பூசி என்னும் கருவி மனிதனுக்குக் கிடைத்த வரலாறும் அறியத்தக்கது. பெரியம்மை ஒரு காலத்தில் உலகையே நடுங்கச் செய்தது. வைசூரி என்று சொல்லவும் மக்கள் அஞ்சினர். அந்நோய்க்கு உட்பட்டோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மாண்டனர். பிழைத்தோருள் பலர் வடுவேறிய முகத்தினராயும், சிலர் கண்ணிழந்தவராயும் வாழ்ந்தனர். 1796 ஆம் ஆண்டில் எட்வர்டு ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர், மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரைச் சிறுவன் ஒருவனின் கையில் கீறி வைத்தார். அச்சிறுவனைப் பெரியம்மை பின்னர்ப் பற்றவில்லை. இதுவே தடுப்பூசியின் தொடக்கமாகும்.

ஆறே ஆண்டுகளில் இம்மருந்து இந்தியாவை அடைந்தது. குளிர்ப்பெட்டியும் விமானமும் இல்லாத அக்காலத்தில் அது வந்த வழி வியப்புக்குரியது. ஒரு குழந்தையின் கையில் வைத்த அம்மைப்பால் கொப்புளமாகப் பழுத்ததும், அதிலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தைக்கு வைத்தனர். இவ்வாறு கை மாற்றிக் கை மாற்றிப் பாக்தாது, பசுரா ஆகிய நகரங்களின் வழியாக மருந்து பம்பாய்க்கு வந்தது. 1802 ஆம் ஆண்டு ஜூன் 14 ஆம் நாள் அந்நகரில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு அம்மை குத்தப்பட்டது. இந்தியாவில் இம்முறையில் காப்புப் பெற்ற முதற் குழந்தை அவளே. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருப்பினும் மருந்து வழியிலேயே மடிந்து போயிருக்கும். மருந்து இருந்தால் மட்டும் போதாது, அது உயிர்ப்போடு உரிய இடத்தை அடையவும் வேண்டும் என்னும் உண்மையை உலகம் அன்றே உணர்ந்தது. பின்னர், 1899 ஆம் ஆண்டில் சென்னை கிண்டியில் கிங் நிலையம் நிறுவப்பட்டு, அம்மைப்பால் தமிழகத்திலேயே செய்யப்படலாயிற்று.

தடுப்பூசி உடலில் எவ்வாறு வேலை செய்கிறது? வலுவிழந்த அல்லது செயலற்ற கிருமியை, அல்லது அதன் ஒரு கூற்றை, உடலுக்கு அறிமுகம் செய்து வைப்பதே தடுப்பூசி. உடலின் காவலர்களாகிய வெண்குருதி அணுக்கள் அப்பகைவனின் உருவை அறிந்து நினைவில் வைத்துக் கொள்கின்றன. மெய்யான கிருமி பிற்காலத்தில் புகும்போது அதனை விரைந்து அழிக்கின்றன. ஆனால், இப்பயிற்சி ஒரே நாளில் முடிவதன்று. ஊசி போட்ட பின் உடல் போதிய காப்பைப் பெற ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிறது. நெரிசல் மிகுந்த முகாமில் ஒரு நோய் அதற்குள் நூறு குழந்தைகளைப் பற்றிவிடக்கூடும். ஆகவேதான், நோய் வந்தபின் போடும் ஊசியைக் காட்டிலும் வருமுன் போடும் ஊசி பன்மடங்கு சிறந்ததாகிறது.

இவ்வுண்மையை 1971 ஆம் ஆண்டு கடுமையாகக் கற்பித்தது. அவ்வாண்டில் கிழக்குப் பாகிஸ்தானில் மூண்ட போரினால், ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவுக்குள் புகுந்தனர். மேற்கு வங்காளத்தில் முகாம்கள் நிரம்பி வழிந்தன. கல்கத்தாவை அடுத்த சால்ட் லேக் முகாமில் பெரியம்மை தோன்றியது. உரிய காலத்தில் அது கண்டறியப்படவில்லை. மக்கள் அனைவருக்கும் அம்மை குத்தவும் இல்லை. போர் முடிந்ததும் அகதிகள் தம் தாயகமாகிய வங்காளதேசத்துக்கு மகிழ்ச்சியோடு திரும்பினர். நோயும் அவர்களோடு திரும்பியது. 1970 ஆம் ஆண்டிலேயே பெரியம்மையினின்றும் விடுபட்டிருந்த அந்நாடு மீண்டும் அதன் பிடியில் சிக்கியது. மறுபடியும் அதனை ஒழிக்க 1975 ஆம் ஆண்டு வரை பாடுபட நேர்ந்தது. ஒரு முகாமில் நேர்ந்த சோர்வு ஒரு நாட்டையே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வருத்தியது.

அதே ஆண்டில், அதே எல்லைப்புறத்தில், இதற்கு மாறான காட்சி ஒன்றும் நிகழ்ந்தது. பன்காவ் என்னும் ஊரின் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையிலும் கிடந்தனர். நரம்பின் வழியே செலுத்தும் உப்புநீர் தீர்ந்து கொண்டிருந்தது. அங்குப் பணியாற்றிய திலீப் மகலனாபிஸ் என்னும் மருத்துவர் மனந்தளரவில்லை. உப்பையும் குளுக்கோசையும் சோடா உப்பையும் அளவாகக் கலந்து பைகளில் அடைக்கச் செய்தார். அவற்றைத் தூய நீரில் கரைத்து நோயாளிகள் குடிக்குமாறு கொடுத்தார். தாயும் தந்தையும் தம் பிள்ளைகளுக்கு அந்நீரைப் புகட்டினர். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்து கொண்டிருந்த நிலை மாறி, இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே குறைந்தது. இந்த உப்பு சர்க்கரைக் கரைசல் ஒரு நாளில் எழுந்த எண்ணமன்று. கல்கத்தாவிலும் டாக்காவிலும் அறிஞர் பல ஆண்டுகள் முன்னரே ஆராய்ந்து வைத்திருந்த முறையையே அவர் துணிந்து கையாண்டார். நெருக்கடியில் உதவிய அறிவு, நெருக்கடிக்கு முன்னரே தேடி வைத்த அறிவாகும்.

வங்கத்தில் போர் கற்பித்த பாடத்தைத் தமிழகத்துக்குக் கடல் கற்பித்தது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராத் தீவின் அருகே கடலடியில் எழுந்த பெரு நிலநடுக்கத்தால் ஆழிப்பேரலை கிளர்ந்தது. காலை வேளையில் அது தமிழகக் கரையைத் தாக்கியது. சில நிமிடங்களில் மீனவர் குப்பங்கள் பல மறைந்தன. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் மாண்டோர் 6,000 பேருக்கு மேலாவர். உயிர் தப்பியோர் பள்ளிகளிலும் திருமண மண்டபங்களிலும் கோயில்களிலும் தஞ்சம் புகுந்தனர். அலையில் தப்பிய குழந்தைகளை இனி நோய் வாரிக்கொண்டு போகுமோ என உலகமே அஞ்சியது.

அவ்வச்சம் மெய்யாகவில்லை. பெருங் கொள்ளைநோய் எதுவும் தமிழகக் கரையில் எழவில்லை. இதற்குக் காரணம் நல்லூழ் மட்டும் அன்று. சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. அதற்கென்று தனித்துறையும், பயிற்சி பெற்ற அலுவலரும், சிற்றூர்தோறும் செல்லும் சுகாதாரச் செவிலியரும் இருந்தனர். பேரலை தாக்கியதும் பிற மாவட்டங்களிலிருந்து சுகாதாரக் குழுவினர் கடற்கரைக்கு விரைந்தனர். குடிநீரில் குளோரின் கலந்தனர். சுற்றுப்புறத்தில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பொடியும் தூவினர். முகாம்தோறும் காய்ச்சல் கண்டோரைக் கணக்கெடுத்தனர். தாக்குதல் நிகழ்ந்த மூன்றாம் நாளாகிய டிசம்பர் 29 அன்றே, பாதிக்கப்பட்ட ஊர்களில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போடும் பணி தொடங்கியது.

பேரிடர் முகாமில் தட்டம்மைக்கு இத்துணை முதன்மை தருவது ஏன்? நோய்களுள் தட்டம்மையைப் போல விரைந்து பரவுவது அரிது. காப்பற்ற கூட்டத்தில் ஒரு நோயாளியிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை அதனைப் பெறக்கூடும். உணவு குன்றிய குழந்தைகளுக்கு அது நிமோனியாவையும் வயிற்றுப்போக்கையும் கண்பார்வைக் கேட்டையும் உண்டாக்குகிறது. ஆதலால், தட்டம்மை ஊசியோடு வைட்டமின் ஏ சத்தையும் சேர்த்துக் கொடுப்பது மரபாகியுள்ளது.

தமிழகத்தில் அப்போது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளுக்கு மேல் ஒரு தவணைத் தட்டம்மை ஊசி பெற்றிருந்தனர். இது பெருமைக்குரிய நிலை. ஆயினும், டிசம்பர் 30 அன்று கடலூர் மாவட்டத்திலிருந்து சில குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டிருப்பதாகச் செய்தி வந்தது. அறிஞர் சென்று ஆராய்ந்தனர். ஊசி போட்ட நாட்டிலும் நோய் புகுந்தது எவ்வாறு என்னும் வினா எழுந்தது.

இதனை ஒரு சிறு கணக்கால் விளங்கிக் கொள்ளலாம். ஆண்டுக்கு நூறு குழந்தைகள் பிறக்கும் ஒரு வட்டாரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களுள் 95 பேருக்கு ஒன்பதாம் மாதத்தில் ஊசி போடப்படுகிறது. அவ்வயதில் போடும் ஒரு தவணை ஊசி, நூற்றுக்கு ஏறத்தாழ 85 குழந்தைகளுக்கே முழுக் காப்பைத் தருகிறது. ஆகவே 95 பேருள் காப்புப் பெறுவோர் ஏறத்தாழ 81 பேர். எஞ்சிய 19 பேரும் காப்பற்றவர். ஐந்து ஆண்டுகளில் இவர்கள் தொகை 95 ஆகிவிடுகிறது. நோய்க்கு இரையாகத்தக்க குழந்தைகள், ஓராண்டில் பிறந்தோர் தொகைக்கு ஏறக்குறைய ஈடாக அவ்வட்டாரத்தில் சேர்ந்து விடுகின்றனர். அவர்கள் தனித்தனியே சிதறி வாழும் வரை நோய் உறங்குகிறது. முகாமில் ஒன்றுகூடும்போது அது விழித்துக் கொள்கிறது.

இக்குறையை நீக்க ஒரே வழி இரண்டாம் தவணையாகும். முதல் ஊசியில் காப்புப் பெறாதவருள் பெரும்பாலோர் இரண்டாவதில் பெற்றுவிடுவர். 2010 ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் தட்டம்மைக்கு இரண்டாம் தவணை படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. 2017 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை உள்ளோர்க்குத் தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரண்டுக்கும் சேர்த்துத் தடுப்பூசி போடும் பேரியக்கம் தமிழ்நாட்டில் நடைபெற்றது. பள்ளிகளிலேயே மாணவர்க்கு ஊசி போடப்பட்டது. அப்போது கைப்பேசிகளின் வழியே பரவிய வதந்திகளால் பெற்றோர் சிலர் தயங்கினர். ஆசிரியரும் மருத்துவரும் பொறுமையோடு எடுத்துரைத்தனர். தயங்கியோருள் பலர் தெளிந்து, தம் பிள்ளைகளுக்கு ஊசி போடச் செய்தனர்.

அடுத்த ஆண்டே இந்த ஆயத்தத்துக்கு ஒரு சோதனை வந்தது. 2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள், விடியுமுன் கஜா என்னும் புயல் வேதாரணியத்தின் அருகே கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் ஆகிய மாவட்டங்களோடு புதுக்கோட்டை மாவட்டமும் பெருஞ்சேதம் உற்றது. தலைமுறை தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஓர் இரவில் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஒடிந்து விழுந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் மூழ்கின. மின்சாரம் இன்மையால் மேல்நிலைத் தொட்டிகளில் நீரேற்ற இயலவில்லை. மின்னாக்கப் பொறிகளை ஊர் ஊராகக் கொண்டு சென்று நீரேற்றினர். மருத்துவக் குழுவினர் ஊர்தோறும் முகாம் நடத்தினர். முகாம்களில் தங்கிய பிள்ளைகளுள் பெரும்பாலோர் தட்டம்மைக்கு எதிரான கவசத்தை முந்திய ஆண்டே அணிந்திருந்தனர். அமைதி நாளில் செய்த பணியின் பயன் இதுவேயாகும்.

புயல் மின்கம்பத்தைச் சாய்க்கும்போது தடுப்பு மருந்துக்கும் இடையூறு நேர்கிறது. பெரும்பாலான தடுப்பு மருந்துகளை 2 பாகை முதல் 8 பாகை செல்சியசு வரையுள்ள குளிரில் வைத்திருக்க வேண்டும். வெப்பம் மிகுந்தால் மருந்தின் ஆற்றல் அழியும். இசிவுநோய் முதலிய சில நோய்களுக்கான மருந்துகளோ உறைந்துவிட்டாலும் கெடும். மருந்து செய்யும் ஆலையிலிருந்து குழந்தையின் கை வரையிலும் இக்குளிர் இடையறாது தொடர வேண்டும். இதனையே குளிர்ப்பதனத் தொடர் என்பர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உள்ள பனிக்கட்டிச் சுவர் அமைந்த குளிர்ப்பெட்டி, மின்சாரம் நின்ற பின்னும் பல மணி நேரம் குளிரைக் காக்கும். அதனை அடிக்கடி திறத்தல் ஆகாது. அதற்குள் மின்னாக்கப் பொறியை இயக்கவோ, மருந்தை வேறு நிலையத்துக்கு மாற்றவோ வேண்டும். பனிக்கட்டிப் பைகள் வைத்த பெட்டிகளில் செவிலியர் அதனைச் சிற்றூர்களுக்கு எடுத்துச் செல்வர்.

மருந்து கெட்டதா இல்லையா என்பதைக் கண்ணால் அறியவும் வழி உண்டு. மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதன் உள்ளே ஒரு வெண்சதுரமும் அச்சிடப்பட்டிருக்கும். வெப்பம் பட்டபடியே சதுரம் சிறிது சிறிதாகக் கறுக்கும். சதுரத்தின் நிறம் வட்டத்தின் நிறத்தோடு ஒத்துவிட்டால், அம்மருந்தைப் பயன்படுத்துதல் கூடாது. தட்டம்மை மருந்தைக் கரைத்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். மிகுந்ததை எறிந்துவிட வேண்டும். பேரிடர் நாளின் பரபரப்பில் இத்தகைய விதிகளைப் புதிதாகக் கற்க இயலாது. நாள்தோறும் அவற்றைக் கடைப்பிடித்துப் பழகிய கைகளே அந்நாளில் தவறாமல் இயங்கும்.

பேரிடரில் எல்லா ஊசிகளையும் எல்லோருக்கும் போடுவது அறிவுடைமை ஆகாது. எது தேவை என்பதை ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும். தட்டம்மை ஊசி முதலில் வருகிறது. காயமுற்றோர்க்கும் மீட்புப் பணியாளர்க்கும் இசிவுநோய்த் தடுப்பூசி வேண்டும். 2004 ஆம் ஆண்டின் பேரலைக்குப் பின்னர் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் 106 பேரை இசிவுநோய் பற்றியது. அவர்களுள் 20 பேர் இறந்தனர். அலையில் தப்பிய உயிர்கள், முன்னரே போட்டிருக்க வேண்டிய ஓர் ஊசியின்மையால் அழிந்தன. காலராவுக்கோ முற்காலத்து ஊசி சிறிது காலமே, அதுவும் அரைகுறையாகவே, காப்பளித்தது. இக்காலத்தில் வாய்வழி கொடுக்கும் மருந்து உண்டு. 2013 ஆம் ஆண்டு முதல் அவசரத் தேவைக்கென அதனை உலக அளவில் சேமித்து வைக்கின்றனர். எனினும், தூய நீரும் கழிப்பிடமும் இல்லாத இடத்தில் மருந்து மட்டும் காலராவை வெல்லாது. 1994 ஆம் ஆண்டில் ருவாண்டா நாட்டு அகதிகள் கோமா என்னும் ஊரில் குவிந்தபோது, சில வாரங்களிலேயே பல்லாயிரவர் காலராவாலும் சீதபேதியாலும் மாண்டனர். ஆயத்தமின்மையின் விலை அத்துணைப் பெரிது.

எனவே ஆயத்தம் என்பது மருந்தைச் சேமித்தல் மட்டும் அன்று. அதற்கு உறுப்புகள் பல உண்டு. பதினாயிரம் மக்களுக்கு மூன்று மாதம் போதுமான மருந்துகளையும் கருவிகளையும் ஒரே தொகுதியாகக் கட்டி வைக்கும் வழக்கம் உலகில் நிலவுகிறது. பெட்டி வந்தபின் பட்டியல் எழுதும் வேலை அதனால் இல்லாது போகிறது. புயல் எச்சரிக்கை வந்தவுடன், பேறுகாலம் நெருங்கிய தாய்மாரைக் கண்டறிந்து முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்ப்பது தமிழ்நாட்டில் வழக்கமாகியுள்ளது. நீரிழிவு, காசம் முதலிய நோய்களுக்கு இடைவிடாது மருந்துண்போர் யார் யார் என்பதும் அறிந்திருக்கப்பட வேண்டும். முகாமில் அவர்களுக்கு ஒரு வாரம் மருந்து தவறினாலும் தீங்கு நேரும்.

இவை அனைத்துக்கும் அடிப்படை ஒன்று உண்டு. அதுவே கிராமச் சுகாதாரச் செவிலியரின் பதிவேடு. எந்த வீட்டில் எத்தனை குழந்தைகள், எவருக்கு எந்த ஊசி எந்நாளில் போடப்பட்டது, எவருக்கு இன்னும் போடவில்லை என்னும் செய்திகள் அதில் உள்ளன. வேலை தேடி வேற்றூரிலிருந்து வந்து செங்கற்சூளையிலும் கட்டுமான இடத்திலும் தங்கியிருக்கும் குடும்பங்களின் குழந்தைகளே பெரும்பாலும் இப்பதிவேட்டில் விடுபடுவோர். ஊரார் அக்குழந்தைகளைச் செவிலியருக்குச் சுட்டிக் காட்டினால், அவர்களும் காக்கப்படுவர், ஊரும் காக்கப்படும். கண்மாய்க் கரையில் ஓரிடத்தில் உள்ள சிறு துளை ஊரையே வெள்ளத்தில் ஆழ்த்தவல்லது அன்றோ?

மாணவர்க்கும் இதில் பங்குண்டு. தம் வீட்டில் உள்ள தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்துக் கொள்வதும், இளையோர்க்குத் தவணை தவறாமல் ஊசி போடுவதைப் பெற்றோர்க்கு நினைவூட்டுவதும் அவர்களால் இயலும். உப்பு சர்க்கரைக் கரைசல் செய்யும் முறையை ஒவ்வொரு மாணவரும் கற்றிருத்தல் வேண்டும். வதந்தி ஒன்று வந்தால், அதனைப் பிறருக்கு அனுப்புமுன் ஆசிரியரையோ மருத்துவரையோ கேட்டுத் தெளிதல் வேண்டும். பொய்யான ஒரு செய்தி, காப்பற்ற குழந்தைகளின் தொகையை வளர்க்கும். நோய்க்கு அதுவே உதவியாகும்.

குடுமியான்மலைப் பாறையில் பண்களைப் பொறித்தோர் அவற்றை மாணவர் நலன் கருதியே பொறித்தனர். நூற்றாண்டுகள் பல கடந்தும் அவ்வெழுத்துகள் நிலைத்து நிற்கின்றன. சிற்றூர்ச் செவிலியர் தம் பதிவேட்டில் எழுதும் எழுத்துகள் கல்லைப் போல் நெடுங்காலம் நிற்பவை அல்ல. ஆயினும், அவையும் வருங்காலத்தில் வாழப் போகும் குழந்தைகளின் நலன் கருதியே எழுதப்படுகின்றன. வானம் தெளிந்திருக்கும் நாளில் வீடு வீடாக நடந்து, ஒரு குழந்தையும் விடுபடாமல் ஊசி போட்டுப் பெயரெழுதும் அப்பணிக்கு ஆரவாரம் இல்லை. புயல் வரும் நாளில், அப்பதிவேட்டில் இடம்பெற்ற ஒவ்வொரு பெயரும் காக்கப்பட்ட ஓர் உயிராக விளங்கும்.